எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டிய மண்டோர்

தோட்ட ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த எங்கள் ஊழியர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. "மிஸி, உங்க சர்வீஸ்ல நடந்த இனிமையான அனுபவம் ஒண்ணு எழுதிக் கொடுங்க. தொண்டு, தியாகம், அந்த மாதிரி" என்று மலர்க்குழுத் தலைவர் போனில் கேட்டார். நர்ஸுக்கு இங்கே மிஸி என்றுதான் பேர். இனிமைக்கு நான் எங்கே போவேன்? என் சர்வீஸ் முழுவதும் சீழ், பேதி, பிரசவம், பாம்புக்கடி. தியாகம் என்று பார்த்தால் நான் தியாகம் செய்தது தூக்கத்தை மட்டும். அதையும் ஓய்வு பெற்ற பிறகு வட்டியோடு தூங்கித் தீர்த்துவிட்டேன்.

ஆகவே நான் எருக்கைப் பற்றி எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

எருக்கு இப்போது என் நினைவுக்கு வந்ததற்குக் காரணம், சிரம்பான் அருகே ராசா ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரர். வெள்ளெருக்கு வாசலில் நின்றால் செல்வம் கொட்டும் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, ஒரு செடியைத் தொட்டியோடு வாங்கி வந்து கேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். காலையும் மாலையும் வாளியில் தண்ணீர் ஊற்றுகிறார். மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு வந்து ஊற்றுகிறார். எருக்கு யார்? பொட்டல் காட்டில், கொதிக்கும் மணலில், ஆடுகூட வாய் வைக்காத இடத்தில் வேரை ஆழமாக இறக்கிவிட்டு, தடித்த இலையில் சாம்பல் பூசிக்கொண்டு, யாருடைய தயவும் இல்லாமல் நிற்கிற ஜாதி. அதைக் கொல்ல வேண்டுமென்றால் வெயில் போதாது, வெட்டு போதாது, அன்பு ஒன்றுதான் வழி. அவர் வீட்டுச் செடி மஞ்சளாகிவிட்டது. "உரம் வைக்கலாமா மிஸி?" என்று நேற்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அந்தச் செடிக்காவது சீக்கிரம் விடுதலை கிடைக்கட்டும் என்று.

நம் ஜனங்கள் எருக்கை விட்டுவைத்ததில்லை. பூவைக் கோத்துப் பிள்ளையாருக்குப் போடுவார்கள். இலையை வாட்டி விளக்கெண்ணெய் தடவி முட்டி வீக்கத்துக்குக் கட்டுவார்கள். ரதசப்தமி அன்று இலையைத் தலையில் வைத்துக் குளிப்பார்கள். முள் குத்தினால் பாலை வைப்பார்கள், பல் வலித்தாலும் பாலை வைப்பார்கள், பிறகு வாய் வெந்து எங்களிடம் வருவார்கள். வயிற்றில் வந்ததை வேண்டாம் என்று நினைத்த பெண்களுக்கு அதன் குச்சியைக் கொடுத்து உதவுகிற புண்ணியவதிகளும் இருந்தார்கள். அப்படி உதவி பெற்ற ஒருத்தியைச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோயிருக்கிறேன். திரும்பி வரும்போது வண்டியில் நான் மட்டும்தான் இருந்தேன். இதெல்லாம் வீடியோவில் வராது, இசை பொருந்தாது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிரம்பானில் கட்டில் விரிக்கவும், ஊசி போடவும், திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். மூன்றாவதில்தான் நான் முதல் மாணவி. பிறகு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு மேலதிகாரி பெரிய டிரெசர் தேவசகாயம்.

டிரெசர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தோட்ட ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளர் அவர். டாக்டர் எப்போதாவது காரில் வருவார், மற்ற நேரமெல்லாம் தோட்டத்தின் உயிர் டிரெசர் கையில். தேவசகாயம் தம்மை முக்கால் டாக்டர் என்று நினைத்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, முட்டி வரை காலுறை. மருந்து அளக்கிற கண்ணாடிக் குவளையில்தான் மைலோ குடிப்பார். குரல் உயராது. நோயாளியின் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைப் பார்ப்பார். "மூஞ்சி பொய் சொல்லும் மிஸி, கை சொல்லாது" என்பார்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. யார் வந்தாலும் முதலில் ஒரே சொல்: "வெளிய." கூட வந்த மாமியார், மச்சான், ஊர் நாட்டாமை எல்லாரும் வெளியே போக வேண்டும். கதவு சாத்திய பிறகு முதல் கேள்வி. என்ன வியாதி என்று கேட்கமாட்டார். "இங்க வர்றதுக்கு முன்னாடி என்னா போட்ட?"

ஏனென்றால் ஒன்றும் போடாமல் எங்களிடம் வந்தவர் என் சர்வீஸில் ஒருவரும் இல்லை. வெட்டுக்காயத்தில் காப்பித்தூள் இருக்கும். தீக்காயத்தில் பற்பசை இருக்கும். பேனுக்குப் பெட்ரோல் ஊற்றிய தலைகளை நான் கழுவியிருக்கிறேன். சாணியும் மஞ்சளும் சேர்த்துப் பூசியதைச் சுரண்டி எடுத்தால்தான் உள்ளே இருப்பது கட்டியா, காயமா என்றே தெரியும். பாதி வியாதி மேலே பூசியதில் இருக்கும். அதை ஜனங்கள் மற்றவர் முன்னால் சொல்லமாட்டார்கள், அதனால்தான் அந்த "வெளிய". என் சர்வீஸில் ஒரே ஒரு நாள் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அந்த நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் தோட்டத்தில் முத்துவேலு என்று பெரிய மண்டோர் இருந்தார். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டுக்காரர்களை மேய்க்கிற மேஸ்திரிதான் மண்டோர். அவரும் சின்ன வயதிலிருந்து மரம் வெட்டியவர். மீசை, மோட்டார் சைக்கிள், உரத்த குரல் மூன்றும் உண்டு. மனைவிகள்தான் தங்கவில்லை. முதலாமவள் நான் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே போய்விட்டாள். இரண்டாமவள் சரசு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனாள். அதைப் பிறகு சொல்கிறேன். ஐம்பதை நெருங்கும்போது மண்டோருக்கு மறுபடியும் மாப்பிள்ளை ஆசை வந்தது. ராசாவில் பெண் பார்த்தார்கள். கனகம் என்று பெயர், சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை, வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அவளுடைய அண்ணன், தங்கையை யார் தலையிலாவது கட்டிவிட்டால் போதும் என்று இருந்தார்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். மண்டோர் அவ்வளவு தூரம் போகவில்லை, ஒரே ஒரு பொய்தான் சொன்னார். தமக்கு முன்பு ஒரு மனைவிதான் இருந்தாள், சரசு என்று பெயர் என்று சொன்னார். இரண்டு பேரைப் புதைத்தவன் என்றால் எந்த அண்ணனும் கொஞ்சம் யோசிப்பான் அல்லவா? தோட்டத்து ஜனங்களும், ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பெண் வீட்டுக்குப் பொய் சொல்லலாம், கிரகத்துக்குச் சொல்ல முடியுமா? மூன்றாம் தாரம் நிலைக்காது என்று நம் ஜனங்களிடம் ஒரு பயம் உண்டு. அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை முதலில் எருக்கஞ்செடிக்குத் தாலி கட்ட வேண்டும். செடிதான் மூன்றாம் தாரம். கட்டி முடித்ததும் அதை வெட்டிவிட வேண்டும். மூன்றாமவள் செத்தாயிற்று, தோஷம் அவளோடு போயிற்று, இனி வருகிறவள் நான்காமவள், தீர்க்காயுசு. சாவதற்கென்றே ஒரு பெண்டாட்டி! இரண்டு பெண்கள் ஏன் செத்தார்கள் என்று யோசிப்பதைவிட ஒரு செடியை வெட்டுவது சுலபம்தான்.

ஆனால் எங்கள் பக்கம் எருக்குக்கு எங்கே போவது? எந்நேரமும் நசநசவென்று ஈரம். போர்டிக்சன் கடற்கரை மணலில் அது தானாக வளர்ந்து கிடக்கும். மண்டோர் லாரியில் போய் ஒரு செடியைத் தோண்டி வந்து, ரப்பர் நாற்றங்காலில் நட்டு, ரப்பர் கன்றுக்குப் போல உரம் போட்டுத் தண்ணீர் காட்டினார். அது அழுகிப்போனது. கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெண்டாட்டி காலி. இரண்டாவது செடியைக் கோயில் பண்டாரம் வாங்கி, கோபுரம் கட்டியபோது மிஞ்சிய மணல் மேட்டில் செருகிவிட்டு மறந்துபோனார். அது இடுப்புயரம் வளர்ந்து பூவும் விட்டது.

கல்யாணத்தன்று காலையில் பெண் வீட்டார் வருவதற்கு முன்பே, கோயிலுக்குப் பின்னால் மண்டோரும் பண்டாரமும் மட்டும் போயிருக்கிறார்கள். மஞ்சள் கயிற்றைச் செடியில் கட்டி, குங்குமம் வைத்து, பண்டாரம் தெரிந்த மந்திரத்தைச் சொல்லியிருக்கிறார். அடுத்தது வெட்டு. மண்டோர் கையோடு கொண்டுவந்தது என்ன? பால்வெட்டுக் கத்தி. குத்தவைத்து உட்கார்ந்து, ரப்பர் மரத்தில் கோடு போடுவது போலத் தண்டில் சாய்வாக ஒரு கோடு போட்டுப் பார்த்தாராம், பழக்க தோஷம். பால் குபுகுபுவென்று வந்தது. முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய், "யோவ் பண்டாரம், நம்ம மரத்தைவிட இதுல நல்லா ஓடுதுய்யா" என்று மெச்சிக்கொண்டாராம். பிறகு அதை அடியில் பிடித்து முறித்தார். பால் முகத்தில் தெறித்தது.

ரப்பர் மரத்துக்காரர்களுக்குப் பால் தெறிப்பது ஒரு விஷயமே இல்லை. புறங்கையால் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள், காய்ந்ததும் உரித்துப் போடுவார்கள். மண்டோரும் பாலான கையாலேயே இரண்டு கண்ணையும் நன்றாகத் துடைத்துக்கொண்டார். "கழுவுங்கண்ணே" என்று பண்டாரம் சொன்னதற்கு, "போய்யா, பொறந்ததுலருந்து பால்லயே குளிக்கிறவன் லா நானு" என்று சொல்லிவிட்டுப் பட்டுவேட்டி கட்டப் போனார்.

எருக்கம்பாலின் குணம் இதுதான். முதலில் கொஞ்சம் எரியும், பிறகு அடங்கிவிடும். வலிக்காது. வலித்தால் மனிதன் ஓடி வருவான். வலிக்காததால் சும்மா இருப்பான். உள்ளுக்குள் கருவிழி ஊறி, கண்ணாடியில் ஆவி படிந்தது போல மங்கிக்கொண்டே போகும். மணவறையில் மண்டோர் உட்காரும்போது விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்ததாம். தெய்வ அனுக்கிரகம் என்று நினைத்துக்கொண்டார். மாலை மாற்றும்போதுதான் குட்டு உடைந்தது. மாலையைத் தூக்கி, கனகத்தின் அண்ணன் கழுத்தில் போட்டுவிட்டார்.

கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. கைக்குழந்தைக்காரி ஒருத்தியை இழுத்து வந்து தாய்ப்பால் பீச்சினார்கள். இன்னொருவர் தீர்த்தம் தெளித்தார், ஒரு பெரியவர் இளநீர் விட்டார். இந்த அபிஷேகமெல்லாம் முடிந்த பிறகுதான் தாலி கட்டாத மாப்பிள்ளையை எங்களிடம் நடத்திக் கொண்டுவந்தார்கள். பின்னால் மாலையும் கழுத்துமாகக் கனகம், அவளுடைய அண்ணன், பண்டாரம், பாதித் தோட்டம்.

தேவசகாயம் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். நான் "வெளிய"வுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது வரவில்லை. "படுக்க வைங்க" என்றார். உப்புநீர்ப் பையை மாட்டி, டிரிப் குழாயை என் கையில் கொடுத்தார். நான் இமையைப் பிரித்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக நீரை விட்டேன். கீழே கிட்னி டிரேயைப் பிடித்துக்கொண்டது கனகம். யாரும் அவளைப் பிடிக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தாள், வாங்கிக்கொண்டாள்.

"இங்க வர்றதுக்கு முன்னாடி என்னா போட்டீங்க?"

"ஒண்ணும் போடல டிரெசரய்யா. ஓமப் புகை. தூசி."

"வலிக்குதா?"

"இல்லய்யா. பனி மூடுன மாதிரி இருக்கு, அவ்ளோதான்."

தேவசகாயம் மண்டோரின் கையைத் தூக்கிப் பார்த்தார். விரலிடுக்கில் மஞ்சளும், அதன் மேல் காய்ந்து உரிகிற பாலும் இருந்தன. கல்யாண நாளில் எந்த மாப்பிள்ளை பால் வெட்டினான்?

"புகைன்னா வலிக்கும், மண்டோர். இங்க பாருங்க. தூசின்னா கழுவி விட்டுர்றேன், போய் தாலி கட்டலாம். வேற ஏதாச்சும்னா இப்பவே சிரம்பானுக்கு வண்டி. அங்க கண் டாக்டருக்கு என்னா பட்டுச்சுன்னு நான் சொல்லியாகணும். தப்பாச் சொன்னா ரெண்டு கண்ணும் போயிரும். என்னா பட்டுச்சு?"

உண்மையைச் சொன்னால் கண் தப்பும், கல்யாணம் போகும். பொய்யைச் சொன்னால் கல்யாணம் நடக்கும், பெண்டாட்டி முகத்தைத் தடவித்தான் பார்க்க வேண்டும். அந்த மனிதர் யோசித்தார்! அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "தூசிங்கய்யா" என்றார் மறுபடியும்.

கனகம் டிரேயைப் பிடித்தபடியே குனிந்தாள். "இங்க பாருங்க. நான் யாருன்னு தெரியுதா?"

மண்டோர் என்னைப் பார்த்து, "ஏன் தெரியாம, கனகம்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில்தான் அவருக்கே தெரிந்தது. "ஐயா, என் கண்ணு, ஐயா. எருக்கம்பால். எருக்கம்பால் பட்டிருச்சு."

"தோட்டத்துல ஏது எருக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

பண்டாரம் நல்லவர், வாய்தான் நிற்காது. "அது ஒண்ணுமில்லங்க, மூணாம் தாரத்துக்குச் செய்யிற சாங்கியம்..."

கனகம் நிமிர்ந்தாள். "மூணாம் தாரமா? சரசுன்னு ஒரு அக்காதான் இருந்தாங்கன்னீங்க?"

பாதித் தோட்டமும் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தது. கனகம் என்னிடம் திரும்பினாள். "மிஸி, அந்த அக்கா எப்படிப் போனாங்க?"

நோயாளியைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது தேவசகாயத்தின் சட்டம். மீறினால் வேலை போகும். நான் அவரைப் பார்த்தேன். அவர் வண்டிக்காரனுக்குக் கைகாட்டிவிட்டு, தலையைத் திருப்பாமல் சொன்னார்: "தண்ணியை நிறுத்தாதீங்க, மிஸி. பேசிக்கிட்டே ஊத்தலாம்."

நான் பேசிக்கொண்டே ஊற்றினேன். சரசுவுக்கு வீட்டில் பிரசவம். குழந்தை தங்கவில்லை, ரத்தம் நிற்கவில்லை. வாசலில் தோட்டத்து வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றது. வாசற்படியில் இந்த மனிதர் நின்றார். "இராகு காலம் முடியட்டும் மிஸி, கெட்ட நேரத்துல கெளப்பக் கூடாது" என்றார். நான் கத்தினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தேவசகாயம் ஓடிவந்து, அந்தக் கஞ்சிக் கால்சட்டையோடு அவளைத் தாமே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் போட்டார். சிரம்பான் போய்ச் சேரும் முன்பே அவள் போய்விட்டாள். நல்ல நேரத்தில்தான் போனாள், இராகு காலம் முடிந்திருந்தது.

சொல்லி முடித்தேன். தண்ணீர் ஒரு சொட்டும் தவறவில்லை. அவருடைய இரண்டு கண்ணையும் ஒரு குறையும் வைக்காமல் கழுவினேன் என்பதை இங்கே பெருமையாகவே எழுதிக்கொள்கிறேன். தியாகம் கேட்டீர்களே, தலைவரே, இதுதான் அது.

மண்டோரை வண்டியில் ஏற்றினோம். கனகம் மாலையைக் கழற்றி, மடித்து, மருந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். கும்பல் கலைந்ததும் தேவசகாயம் குவளையில் மைலோ கலக்கினார். அன்று "வெளிய" சொல்ல மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா? நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என் கையைத்தான் பார்த்திருப்பார்.

சிரம்பானில் சொட்டு மருந்து விட்டார்கள். சில வாரங்களில் மண்டோருக்குப் பார்வை முழுசாகத் திரும்பியது. திரும்பியதும் முதல் வேலையாக ராசாவுக்கு ஆள் அனுப்பினார். நடந்தது நடந்துவிட்டது, செடி தோஷத்தை வாங்கிக்கொண்டு செத்தது, இனி ஒரு குறையும் இல்லை, நாள் பார்க்கலாம் என்று. அண்ணனும் இறங்கி வந்துவிட்டார். "மண்டோர் வேலை, சும்மாவா?" என்று தங்கையைக் கரைத்தார். கனகம், "செடி செத்த எடத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாளாம்.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு அவளே வந்தாள். என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். கோயிலுக்குப் பின்னால் போனோம். மண்டோர் புதுச் சட்டையில் முன்னால் நடந்தார், திடீரென்று நின்றார். முறித்த அடிக்கட்டையைச் சுற்றி எருக்கு நாலாபக்கமும் துளிர்த்து, இலை தழைத்து, மொட்டோடு நின்றது. மஞ்சள் கயிறு அடிக்கட்டையில் அப்படியே கிடந்தது. வெட்டினால் எருக்கு சாகாது, வேர் உள்ளே இருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். பாவம், மண்டோருக்கு ரப்பர் மரம் மட்டும்தான் தெரியும்.

கனகம் செடியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அக்கா நல்லாத்தானே இருக்காங்க? மூத்தவங்க உயிரோட இருக்கறப்போ நான் வந்தா முறையா இருக்குமா, நீங்களே சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பஸ் நிறுத்தம் வரும்வரை இருவரும் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் சிரிப்பு நின்றிருக்காது. அண்ணன்தான் அழாத குறை.

மண்டோர் அதைத் தோண்டி எறியப் பார்த்தார். தாமே தொடப் பயம், கண் போனால் மறுபடி வராது. ஆள் விட்டுப் பார்த்தார். தாலி கட்டிய செடி, அடுத்தவன் பெண்டாட்டி மேல் எவன் கை வைப்பான்? எந்தப் பால்வெட்டுக்காரனும் வரவில்லை. பண்டாரம் பிள்ளையாருக்குப் பூப்பறிக்கும்போது மட்டும் "அண்ணி, பூ எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பறிப்பார். அப்புறம் மண்டோருக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. மூன்றாமவளோடுதான் காலம் ஓடியது.

ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது. செம்பனையும் போய் இப்போது வீடு கட்டப் போகிறார்கள். தேவசகாயம் காலமாகி வெகு நாளாயிற்று. மண்டோரும் போன வருடம் போய்விட்டார், நல்ல பார்வையோடு. கனகம் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றாள், தனக்குப் பிடித்தவரைப் பிறகு கட்டிக்கொண்டாள். ராசா பாசாரில் என்னைப் பார்த்தால், "அக்கா எப்படி இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்பாள்.

போன மாதம் இருவரும் போய்ப் பார்த்தோம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, கோயில் மட்டும் இருக்கிறது. பின்னால் அதே மேட்டில் அவள் நிற்கிறாள், எங்களைவிட உயரமாக. சரசுவின் அப்பா செத்து, அம்மா தாலியறுத்த அன்று பெண்கள் சேர்ந்து அவள் தலையில் இருந்த பூவைப் பிய்த்தெறிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு அப்படி நடந்தது. புருஷன் செத்த பிறகும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டிருக்கிறவள் இவள் ஒருத்திதான். பிய்க்கப் போனால் கண் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும்.